தாழ்ப்பாள்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உங்கப்பாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை.

பேத்தி கயல் எந்நேரமும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிடக்கிறாள், "என்னம்மா குறை வைத்தோம்?" என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் உன் வீட்டுக்குப் பக்கத்து ஊரான லெவிட்டவுனில் எழுபது வருஷத்துக்கு முன்பே இதைக் கேட்டுவிட்டார்கள். சரித்திர டீச்சரிடம் கேட்டால் இப்படித்தான் பதில் வரும், பொறுத்துக்கொள்.

போன வருஷம் காரில் கூட்டிப்போய்க் காட்டினாயே, அந்த ஊர்தான். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்காக 1947-ல் கட்ட ஆரம்பித்து, நாலைந்து வருஷத்தில் 17,000-க்கு மேல் வீடுகள், ஏறக்குறைய ஒரே அச்சு. வேலி போடக் கூடாது, கொடி கட்டித் துணி உலர்த்தக் கூடாது. வெள்ளையர் தவிர யாரும் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. வீட்டுவேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமாம்! முப்பதுகளின் வேலையில்லாக் கஷ்டத்தையும் போரையும் பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கே சொர்க்கமாக இருந்தது. பிள்ளைகள் அதில் எதையும் பார்க்கவில்லை. பள்ளியில், அணுகுண்டு விழுந்தால் மேசைக்கடியில் பதுங்கப் பயிற்சி. வீட்டுக்கு வந்தால், எல்லாம் சௌக்கியம் என்று அப்பா சிரிக்கிறார். எதையோ மறைக்கிறார்கள் என்று குழந்தைக்குத் தெரியாதா?

அப்புறம் டிரான்சிஸ்டர். எனக்குப் பிடித்த இடம் இதுதான். முன்பெல்லாம் ரேடியோ கூடத்தில் இருக்கும். அப்பா திருப்பி வைத்த நிலையம்தான் வீட்டுக்கே. ஐம்பதுகளில் கூடத்தை டிவி பிடித்துக்கொண்டது. 1954 கடைசியில் சட்டைப்பையில் அடங்கும் ரேடியோ, கிட்டத்தட்ட 50 டாலருக்குக் கடைக்கு வந்தது. பிள்ளைகள் அதைத் தலையணைக்கடியில் வைத்துக் கேட்டார்கள். தெருவுக்குள் விடாத கறுப்பர்களின் குரல், சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும், படுக்கையறைக்கே வந்துவிட்டது. பாட்டுதான் பிள்ளைகளைக் கெடுத்தது என்றார்கள் பெரியவர்கள். கெட்டதோ இல்லையோ, வீட்டில் யாரும் பேசாததை அந்தப் பாட்டு பேசியது.

வியட்நாம் போர் வந்தபோது பிள்ளைகளின் கோபத்துக்குக் கணக்கும் சேர்ந்துகொண்டது. 18 வயதில் பட்டாளத்துக்குப் பிடிக்கலாம், ஓட்டுப் போட மட்டும் பெரும்பாலான மாநிலங்களில் 21 ஆக வேண்டும். 1971-ல்தான் மாற்றினார்கள்.

நீயும் பதினொன்றாம் வகுப்பில் கதவைச் சாத்தினவன்தான். உங்கப்பா தாழ்ப்பாளையே கழற்றிவிட்டார். ஒரு மாசம் நீ அவரோடு பேசவில்லை. நான்தான் நடுவில் தூது. அந்தத் தாழ்ப்பாள் இன்னும் என் தையல் டப்பாவில் கிடக்கிறது.

கயல் என்ன பாட்டு கேட்கிறாள் என்று விசாரித்து எழுது. எனக்கும் ஒன்றிரண்டு அனுப்பச் சொல்.

அன்புடன்,
அம்மா