தூளிக்கு அடியில் ஓடும் காற்று

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல்.

ஜனவரியில் கொடைக்கானல் பூம்பாறைப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே ஹாமக் கட்டித் தூங்கப் போவதாக எழுதியிருந்தாய். தனியார் தோட்டம் என்பதால் சரி. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் கயிறே கட்டக்கூடாது. 'ஜீரோ டிகிரி ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டேன், போதுமா?' என்று கேட்டிருக்கிறாய். போதாதுடா.

தூளியில் குழந்தை சித்திரை மாதத்திலும் அசந்து தூங்குகிறதே, ஏன்? முதுகுக்கு அடியில் காற்று ஓடுகிறது. ஹாமக்கும் ஒரு பெரிய தூளிதான். கீழே சமவெளியில் சுகம் தரும் அந்தக் காற்று, கொடைக்கானலின் 8 டிகிரியில் முதுகுச் சூட்டை உருவிவிடும். ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு தனக்குள் காற்றைப் பிடித்துவைத்துத்தான் சூடு காக்கிறது. நீ படுத்ததும் உன் எடையில் அடிப்பக்கம் அப்பளமாகிவிடும். பிடித்துவைக்கக் காற்றே இருக்காது. மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் நள்ளிரவில் முதுகும் பின்பக்கமும் விறைத்து எழுந்து உட்காருவாய்.

அதனால்தான் அண்டர்குவில்ட். ஹாமக்குக்கு வெளியே, அடியில் தொங்கும் மெத்தை. உன் எடை அதன்மேல் விழாது. கடையில் விலை அதிகம். சிங்கிள் சைஸ் பாலியெஸ்டர் கம்ஃபர்ட்டர் (தடித்த மெத்தைப் போர்வை) ஒன்று இருந்தால் டெய்லரிடம் கொடு. நீளவாக்கில் இரண்டு ஓரத்திலும் 2 செ.மீ. அகலத்துக்கு நாடா கோர்க்கும் மடிப்பு தைக்கச் சொல். அதில் 5 மி.மீ. எலாஸ்டிக் கயிறு கோர்த்து, நான்கு முனைகளையும் ஹாமக்கின் தலைப்பக்கக் கொக்கியிலும் கால்பக்கக் கொக்கியிலும் மாட்டு. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சுருக்குக் கயிறு போட்டு வாயை மூடு. பருத்திப் பஞ்சு அடைத்தது மட்டும் வேண்டாம். மேல்மலைப் பனிமூட்டத்தில் ஈரம் குடித்துக் கனத்துவிடும்.

இதில் எல்லோரும் கோட்டைவிடுவது கயிற்றின் இழுவையில். தொய்வாக விட்டால் இடுப்புக்குக் கீழே பள்ளம் விழும், அதற்குள் குளிர்காற்று சுற்றும். இறுக்கிக் கட்டினால் மெத்தை ஹாமக்கோடு நசுங்கி, ஸ்லீப்பிங் பேக்கின் கதைதான். நீ படுத்துக்கொண்டு, வேறு யாரையாவது ஹாமக்குக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை விடச் சொல். கை தடையில்லாமல் போக வேண்டும், ஆனால் இரண்டு பக்கமும் துணி படவேண்டும். தோள், இடுப்பு, தொடை என்று மூன்று இடத்தில் பார்க்கச் சொல். ஹாமக்கில் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு நேராக இருக்கும் என்பதால், அப்படிப் படுத்த பிறகே சோதிக்கணும்.

தைக்க நேரமில்லையா, 6 மி.மீ. யோகா மேட் இரண்டை அடுக்கி உள்ளே போட்டுக்கொள். மேட்டின் அகலம் 60 செ.மீ.தான், தோள் வெளியே போய்த் துணியைத் தொடும். மூன்றாவது மேட் ஒன்றில் ஒரு மீட்டர் வெட்டித் தோளுக்கு நேரே குறுக்காகப் போடு. இரட்டைத் துணி ஹாமக் என்றால் நடுவே செருகு, நழுவாது. மேட் வியர்வையை வெளியே விடாது, காலையில் முதுகு பிசுபிசுக்கும். இதெல்லாம் ஒரு ராத்திரிக்குத் தாங்கும், அண்டர்குவில்ட்டுக்கு ஈடாகாது.

ஹாமக்கை மரத்தில் கட்டும்போது, மாட்டும் நாடாப் பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருக்கட்டும். விறைப்பாக இழுத்தால் தோள் நெருக்கும், அடிமெத்தையும் ஒழுங்காக ஒட்டாது. 3.3 மீட்டர் ஹாமக்குக்கு இரு முனைக்கும் நடுவே 2.75 மீட்டர் கயிறு ஒன்றைக் கட்டிவைத்தால், எந்த மரத்தில் மாட்டினாலும் தொய்வு மாறாது. வாட்டில் மரத்தை நம்பாதே, வேர் மேலோட்டம். காய்ந்த கிளை தொங்கும் யூகலிப்டஸும் வேண்டாம். ஓடைக்கரை, பள்ளம் ரெண்டையும் தவிர்; மேகமில்லாத இரவில் குளிர்காற்று கனத்து அங்கேதான் இறங்கி நிற்கும். சரிவில் கொஞ்சம் மேலே ஏறினாலே வித்தியாசம் தெரியும். ஹாமக்குக்கு மேலே கூரையாகக் கட்டும் தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் தரைவரை இறக்கு, மறுபக்கம் திறந்திருக்கட்டும். இல்லாவிட்டால் உன் மூச்சே உள்ளே நீராகச் சொட்டும். அதே காரணத்துக்காக முகத்தை ஸ்லீப்பிங் பேக்குக்குள் இழுத்துக்கொள்ளாதே. மங்கி குல்லா போட்டுக்கொள்.

கரி அடுப்பைத் தார்ப்பாய்க்குள் கொண்டுபோகாதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 'ஒரு பெக் போட்டால் சூடு' என்று யாராவது சொன்னாலும் கேட்காதே. அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பி உள்சூட்டை வெளியே விடுகிற வேலை. அதற்குப் பதில் ஒரு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் ஊற்று. பாட்டில் கொதிநீர் தாங்குகிறதா என்று முதலில் பார்த்துக்கொள். மூடியை முறுக்கித் தலைகீழாகப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கம்பளி சாக்ஸுக்குள் திணித்துத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள். பல மணி நேரம் வெதுவெதுப்பு இருக்கும். படுக்குமுன் நாலு கடலைமிட்டாய் சாப்பிடு, ஒன்றுக்குப் போய்விட்டு வா, பகலில் வியர்த்த சட்டையையும் மாற்றிவிடு.

கம்ஃபர்ட்டர் தைத்து வந்ததும் மொட்டைமாடித் தூண்களில் கட்டி, தம்பியைக் கையை விட்டுப் பார்க்கச் சொல். மூன்று இடத்திலும் எப்படி இருந்தது என்று எழுது. கயிறு எவ்வளவு இழுக்கணும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
மணி