பழைய போர்விமான சிமுலேட்டர்களின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

விற்பனை அடங்கிப்போன பல போர்விமான சிமுலேட்டர்களின், அதாவது போர்விமானம் ஓட்டுவதைக் கணினியில் அப்படியே காட்டும் விளையாட்டுகளின், உரிமை உங்கள் கையில் இருக்கிறது. அவற்றை இன்றைய கணினிகளில் ஓடவைக்கும் உழைப்போ, உங்களிடம் சம்பளம் வாங்காத ஆர்வலர்களுடையது. அவர்கள் உருவாக்கும் முழுச் சீரமைப்பு மோட்களுக்கு (விளையாட்டை அடியோடு திருத்தியமைக்கும் ஆர்வலர் பதிப்புகளுக்கு) எழுத்துப்பூர்வமான, எல்லோரும் படிக்கக்கூடிய அனுமதியைத் தாருங்கள் என்று கேட்பதற்கே இம்மடல்.

1998 டிசம்பரில் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட ஃபால்கன் 4.0 என்ற எஃப்-16 போர்விமான சிமுலேட்டரை எடுத்துக்கொள்கிறேன். பிழைகள் மலிந்த நிலையில் கடைக்கு வந்த அந்த விளையாட்டு, பேட்ச் (பிழைதிருத்தம்) மேல் பேட்ச் போட்டு ஒருவாறு தேறிவந்த வேளையில், நிறுவனத்தை வாங்கியிருந்த ஹாஸ்ப்ரோ அதை உருவாக்கிய குழுவைக் கலைத்துவிட்டது. 2000 ஏப்ரலில் அந்த விளையாட்டின் மூல நிரல் (புரோகிராமர்கள் எழுதிய சோர்ஸ் கோட்) கசிந்தது. கசிந்த வழி முறையற்றதுதான். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அந்த நிரலில் கொரியத் தீபகற்பம் முழுவதும் நாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் தானாக நடந்துகொண்டே இருக்கும் ஒரு போர் இருந்தது: நம் விமானத்தைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் ஒவ்வொரு டாங்கியும் தனித்தனியாக நகரும், தொலைவில் நடக்கும் சண்டைகளோ வெறும் கணக்காகத் தீர்க்கப்படும். கால் நூற்றாண்டுக்கு முந்தைய கணினியில் இதை ஓடவைத்த சாமர்த்தியத்தைக் குப்பையில் போட யாருக்குத்தான் மனம் வரும்?

அதைக் காப்பாற்றியவர்களில் இன்று நிலைத்து நிற்பது பென்ச்மார்க் சிம்ஸ் குழு. அவர்களது பி.எம்.எஸ். பதிப்பில் எஃப்-16 காக்பிட்டில் உட்கார்ந்து, மின்சாரத்தைக் கொடுத்து, எஞ்சினைச் சுழற்றத் தொடங்கும் ஜே.எஃப்.எஸ். சுவிட்சைத் தட்டிவிட்டு, எஞ்சின் சுழற்சி இருபது விழுக்காட்டைத் தொடும்வரை காத்திருந்து, அதன் பிறகே த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) ஐடில் என்னும் குறைந்தபட்ச நிலைக்குத் தள்ள வேண்டும்; வழிகாட்டும் கருவி தான் இருக்கும் இடத்தையும் திசையையும் கணித்து முடிக்கும்வரை இன்னும் சில நிமிடங்கள் ஓடுதளத்திற்குப் போகாமல் பொறுத்திருக்க வேண்டும். (அந்த நிமிடங்களில் நான் காபி போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.) இத்தனையும் இலவசம். ஒரே நிபந்தனை, பழைய ஃபால்கன் 4.0-ஐக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது. இப்போது அதை வாங்குவோரில் பலர் இந்த மோடுக்காகவே வாங்குகிறார்கள் என்பதை உங்கள் கணக்குப்பிள்ளைகள் கவனித்திருப்பார்கள்.

உரிமை தெளிவில்லாததால் வரும் பெரிய இழப்பு வழக்கு பற்றிய அச்சம் அல்ல, உழைப்பு சிதறிப்போவதே. கசிந்த நிரல் ஆர்வலர் யாருக்கும் சட்டப்படி சொந்தமில்லை என்பதால், அதை வெளிப்படையாகப் பகிரவும் முடியாமல், ஒன்றாக உட்கார்ந்து திருத்தவும் முடியாமல், குழுக்கள் தனித்தனியே பிரிந்து தத்தம் பதிப்பைக் கட்டின. ஒரே பிழையை இரண்டு வீட்டில் இரண்டு பேர் இரவு கண்விழித்துத் திருத்தினார்கள். அப்படித் தனிப் பதிப்பு கட்டிய ஃப்ரீஃபால்கன் போன்ற குழுக்கள் பின்னர் கலைந்தும் போயின.

மாற்று வழி ஒன்றும் கற்பனையல்ல. 1940-ஆம் ஆண்டின் பிரிட்டன் வான்போரைக் களமாகக் கொண்டு 2011-இல் வெளிவந்த கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் என்ற சிமுலேட்டர், குறைகளோடு கைவிடப்பட்ட நிலையில், டீம் ஃப்யூஷன் என்ற ஆர்வலர் குழு தானாகவே பேட்ச்களை வெளியிட்டுவந்தது. உரிமையாளரான 1சி நிறுவனம் அவர்களைத் துரத்தாமல் மூல நிரலையே ஒப்பந்தத்தோடு கையில் கொடுத்தது. 2017-இல் அதன் சீரமைத்த பிளிட்ஸ் பதிப்பும், 2020-இல் டோப்ருக் பாலைவனப் போரைக் களமாகக் கொண்ட தொடர்ச்சியும் கடைக்கு வந்தன, விலை போட்டு.

எல்லோருக்கும் மூல நிரலைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. புதிய ஆட்டத்தைத் திட்டமிடும் நிறுவனத்துக்கு அதில் தயக்கம் இருப்பது நியாயமே. மோட் பணத்துக்கு விற்கப்படக் கூடாது, மூல விளையாட்டை வாங்கியவர்களுக்கு மட்டுமே இயங்க வேண்டும், உங்கள் பெயரை முத்திரையாகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைகளோடு ஒரு பக்கத்தில் அனுமதியை எழுதி வெளியிடுங்கள். உரிமை வேறொருவருக்குக் கைமாறினாலும் அந்த அனுமதி செல்லும் என்ற வரியை மட்டும் மறவாமல் சேர்த்துவிடுங்கள். ஃபால்கனின் உரிமை எத்தனை கை மாறியது என்பது உங்களுக்கே தெரியும். கூடவே, பழைய விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால் நாளை புதிதாக வருகிறவர் நேர்வழியில் வாங்க வழியே இருக்காது.

இங்ஙனம்,
ஃபால்கனை இன்னமும் பறக்கவிடும் ஒருவன்