மேவிஸ்பேங்க் மாளிகையைக் காக்க முன்வந்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

லேண்ட்மார்க் அறக்கட்டளையினருக்கும் மிட்லோதியன் ஆட்சிமன்றத்தினருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே, லோன்ஹெட் ஊரை அடுத்து நார்த் எஸ்க் ஆற்றின் பள்ளத்தாக்கில், 1973-ஆம் ஆண்டுத் தீ விபத்தில் கூரையை இழந்த மேவிஸ்பேங்க் மாளிகை இத்தனை ஆண்டு மழையையும் பனியையும் தாங்கி நிற்கிறது. அதை மீட்பதற்காக 2024-இல் தேசியப் பாரம்பரிய நினைவு நிதியம் 53 லட்சம் பவுண்டு அறிவித்தபோது, பழங்கட்டடங்களை நேசிக்கும் என்னைப் போன்றோர் அடைந்த நிம்மதிக்கு அளவில்லை. அந்த நன்றியோடுதான் ஒரு வேண்டுகோளை உங்கள்முன் வைக்கிறேன்.

இம்மாளிகையின் அருமை அதன் அளவில் இல்லை. இதன் உரிமையாளரான, பெனிக்குக் ஊரைச் சேர்ந்த சர் ஜான் கிளார்க்கும் கட்டடக் கலைஞர் வில்லியம் ஆடமும் சேர்ந்து வடிவமைத்து, 1723-இல் கட்டத் தொடங்கிய இது, நடுவே ஒரு சிறிய இல்லமும், அதிலிருந்து இருபுறமும் வளைந்து செல்லும் சுவர்களும், அவை சென்று சேரும் இரண்டு துணைக் கட்டடங்களுமாக அமைந்தது. உயரத்தாலும் கோபுரங்களாலும் பெருமை காட்டிய பழைய ஸ்காட்டியக் கோட்டை வீடுகளுக்கு நடுவே, இத்தாலிய வில்லா (நாட்டுப்புற மாளிகை) மரபைப் பின்பற்றி எழுந்த முன்னோடி வீடு இதுவே. இன்னொரு தளம் எழுப்ப வேண்டும் என்று ஆடம் விரும்பியதையும், அப்படிச் செய்தால் வீடு கோபுரம்போல் ஆகிவிடும் என்று கிளார்க் மறுத்ததையும் நினைத்துப் பார்க்கிறேன். முகப்பின் உச்சியில் உள்ள முக்கோண முகட்டில் அவ்வளவு செழிப்பான கல் வேலைப்பாட்டை அனுமதித்தவர், உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இளமையில் ரோமில் இத்தாலிய இசைமேதை கொரெல்லியிடம் இசை பயின்றவர் அவர் என்பதை அறிந்த எனக்கு அந்த அளவுணர்வு வியப்பளிக்கவில்லை.

ஆனால், இந்த இடத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்கு ரசனை மட்டும் காரணமன்று. லோன்ஹெட்டில் இருந்த தம் நிலக்கரிச் சுரங்கங்களை அருகிலிருந்து மேற்பார்வையிட அவருக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. 1606-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளர்கள் முதலாளியின் அனுமதியின்றி வேலையை விட்டு விலக முடியாத கொத்தடிமைகளாக இருந்தார்கள்; 1775-இலும் 1799-இலும் வந்த சட்டங்கள்தான் அவர்களை விடுவித்தன. ஆண்கள் வெட்டிய கரியைப் பெண்களும் சிறுமியரும் முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்த காலம் அது. கிளார்க்கின் நாகரிகத்தையும் அந்த முதுகுகள் சுமந்த பாரத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இது மனநல மருத்துவமனையாக இருந்தது. அதற்காகச் சேர்த்த கட்டடங்கள் பின்னர் அகற்றப்பட்டன. அந்தச் சுவர்களுக்குள் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்களை நினைவூட்ட இன்று அங்கே ஏறத்தாழ எதுவுமே எஞ்சவில்லை.

எனவே, கற்களைப் பழுதுபார்க்கும்போது கிளார்க் வகுத்த அளவுகளிலிருந்து அணுவளவும் விலகாதீர்கள். புதிய கல்லைப் பழைய கல்லிலிருந்து அருகில் நின்று பார்த்தால் பிரித்தறிய முடியட்டும். தீயில் கருகிய கல்லில் உறுதி இருக்கும் பட்சத்தில், கரிய நிறத்துக்காக மட்டும் அதை மாற்றிவிட வேண்டாம். துணைக் கட்டடங்களில் ஓர் அறையையேனும் சுரங்கத் தொழிலாளர்களின் வரலாற்றுக்கும் மருத்துவமனையில் வாழ்ந்தோரின் வரலாற்றுக்கும் ஒதுக்குங்கள். அதற்கு வேண்டிய செய்திகளைத் திரட்டும்போது லோன்ஹெட்டின் பழைய சுரங்கக் குடும்பங்களை அழைத்துக் கேளுங்கள். பணிகள் முடிந்தபின் அல்ல, திட்ட வரைபடங்கள் இறுதியாவதற்கு முன்பே அவர்களை அழைக்க வேண்டும் என்பதே என் பணிவான வேண்டுகோள்.

இப்படிக்கு,
பழங்கட்டடங்களை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்