புதுக் காரின் சாவியோடு கால் மணி நேரமும் கொடுங்கள்

தமிழ்நாட்டில் கார் விற்கும் டீலர்களுக்கும், ஷோரூம் மேலாளர்களுக்கும், டெலிவரிப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

கார் டெலிவரி எடுக்கும் நாள் நம் ஊரில் ஒரு குடும்ப விசேஷம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பானட்டில் சந்தனம் குங்குமம், பெரிய அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரு போட்டோ. அப்புறம் போனை ஸ்கிரீனோடு இணைப்பது, ஏசியைத் திருப்புவது, சர்வீஸுக்கு எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தருகிறீர்கள். ஆனால் கைக்குழந்தையோடு வந்திருக்கும் அம்மாவிடம், இந்தக் குழந்தை இந்தக் காரில் எங்கே, எதில் உட்காரப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும், பதிலையும் காரிலேயே காட்ட வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

எங்கள் குடியிருப்பில் யாராவது குழந்தைக்கு கார் சீட், அதாவது காரின் சீட் மேல் பொருத்தி, குழந்தையைப் பட்டை போட்டு உட்காரவைக்கும் தனி சீட் வாங்கினால், மாட்டித் தரச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஆன்லைனில் வந்த பெட்டி. விற்றவருக்கு அது எந்தக் காரில் போகப் போகிறது என்று தெரியாது. பிறந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவமனைக்கும் தெரியாது. காரும் தெரிந்து, அதை வாங்கும் குடும்பத்தையும் நேரில் பார்ப்பவர்கள் நீங்கள் மட்டும்தான்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். இது தெரியாமல்தான் பலர் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

உங்கள் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களையும் பற்றிப் பேச வேண்டும். கார்களை மோதவிட்டுப் பார்த்து, பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளின் பாதுகாப்புக்கு அதில் மொத்தம் 49 புள்ளிகள். ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் அளவில் செய்த பொம்மைகளை வைத்து மோதிப் பார்க்கிறார்கள். அந்தப் பொம்மைகள் யார் மடியிலும் இருப்பதில்லை. முறையாகப் பொருத்திய குழந்தை சீட்டில் வார்பட்டை போட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. 49-ல் 12 புள்ளிகள், காரில் குழந்தை சீட்டுகளைச் சரியாகப் பொருத்த முடிகிறதா என்பதற்கே கொடுக்கப்படுகின்றன. ஆக, “சார், குழந்தைகளுக்கும் அஞ்சு ஸ்டார்” என்று சொல்லி விற்கும்போது, அந்த அஞ்சு ஸ்டார் சீட்டோடு சேர்த்துத்தான் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

இப்போது சீட் கவர் விஷயம். எனக்கு அதிக வருத்தம் இதில்தான்.

சமீபத்தில் பக்கத்து பிளாக்கில் ஒரு இளம் தம்பதிக்கு சீட் மாட்டப் போனேன். கார் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஷோரூமிலேயே போட்டுக்கொடுத்த ரெக்சின் கவர், நல்ல இறுக்கமாக, அழகாகத் தைத்தது. பின் சீட்டில் முதுகும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். ஐசோஃபிக்ஸ் கம்பி விரலுக்குத் தட்டுப்பட்டது, ஆனால் ரெக்சினுக்கு அந்தப் பக்கம். வெறும் 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரண்டு கம்பிகள், ஒன்றுக்கொன்று 28 சென்டிமீட்டர் தள்ளி, காரின் உடலோடு சேர்த்துப் பற்றவைத்தவை. குழந்தை சீட்டின் இரண்டு கொக்கிகளும் போய்க் கவ்வ வேண்டிய இடம் அது. கவரின் மேலே வைத்து எவ்வளவு அழுத்தினாலும் கொக்கி அங்கே போய்ச் சேரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் புதுக் கவரைக் கிழிக்க மனசே இல்லை. கணவர் மேனுவலைத் திறந்து படத்தைக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். பிளேடால் இரண்டு இடத்தில் கீறினோம். டக் என்று சத்தம் கேட்டது, சீட்டின் ஓரத்தில் இருந்த அடையாளம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

கவரைத் தைப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஒழிகிற பிரச்சினை இது. ஐசோஃபிக்ஸ் இருக்கும் இடத்தில் ஜிப்போ திறப்போ வைத்துத் தைக்கலாம். பெல்ட் பக்கிள் கவருக்கு அடியில் புதைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளலாம். இதேபோல்தான் நீங்கள் போட்டுத் தரும் தடிமனான கால் மிதியும். சில குழந்தை சீட்டுகளுக்கு முன்னால் தரையில் ஊன்றும் ஒரு கால் உண்டு. அது கெட்டியான தரையில் நிற்க வேண்டும். மெத்மெத்தென்ற மிதியின் மேல் நின்றால், மோதும்போது மிதி அமுங்கி சீட் முன்னால் சாயும். அந்த இடத்தில் மட்டும் மிதியை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். தரைக்கு அடியில் பொருள் வைக்கும் பெட்டி உள்ள காரென்றால், அங்கே கால் ஊன்றலாமா என்பதை அந்தக் காரின் மேனுவல்தான் சொல்ல முடியும்.

எங்கே மாட்டுவது? முன் சீட்டில் அம்மாவின் மடியில்தான் நம் குழந்தைகளில் நிறையப் பேர் பயணம் போகிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். கார் அரை மீட்டருக்குள் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த கிட்டத்தட்ட 200 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்த அம்மாவின் கைக்கும் அது கிடையாது. போதாக்குறைக்கு, ஏப்ரல் 2021 முதல் புது மாடல்களில் முன் சீட்டில் உட்காரும் பயணியின் பக்கமும் ஏர்பேக் கட்டாயம். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை சீட்டை அதன் எதிரே வைத்தால், வெடித்து வரும் ஏர்பேக் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள சீட்டின் ஓட்டில்தான் அடிக்கும். முன் சீட் வேண்டவே வேண்டாம்.

பின் சீட்டில் நடு இடம் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஓரத்தைவிடப் பாதுகாப்பானது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று சொன்னது. காயப்படும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு. ஆனால் அதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. நம் கார்கள் பலவற்றில் நடுவில் ஐசோஃபிக்ஸ் இல்லை. பழைய மாடல்களில் இடுப்புப் பெல்ட் மட்டும்தான். நடுவில் மேடாக இருப்பதால் சீட் ஆடும். ஆடாமல் மாட்ட முடிகிற இடமே நல்ல இடம். அது பெரும்பாலும் பின்பக்கம் இடது ஓரம். நாம் இடதுபுறம் ஓட்டுவதால் குழந்தையை நடைபாதைப் பக்கமாக ஏற்றி இறக்கலாம்; டிரைவருக்குப் பின்னால் மாட்டினால் பஸ் வருகிற பக்கம் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். சின்ன ஹேட்ச்பேக்கில் முன் இடது சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டிவரும், அதையும் வாங்கும்போதே உட்காரவைத்துப் பார்த்துவிடலாம். இதற்காக ஷோரூமில் ஒரே ஒரு குழந்தை சீட் இருந்தால் போதும்.

டெலிவரியில் காட்ட வேண்டியது அதிகமில்லை. ஐசோஃபிக்ஸ் எங்கே என்று அவர்கள் விரலாலேயே தொடச் சொல்லுங்கள். முன்னோக்கிப் பார்க்கும் சீட்டுக்கு மேலே கட்டும் டாப் டெதர் பட்டைக்கான வளையம் எது, டிக்கியில் சாமான் கட்டும் கொக்கி எது என்று பிரித்துக் காட்டுங்கள்; இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பெல்ட்டால் மாட்டும் சீட் என்றால், பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இறுக்கம் போதாது. குழந்தையின் தோள் மேல் பட்டையை விரலால் கிள்ளிப் பார்த்து, மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். குளிருக்கென்று போர்வையைச் சுற்றிவிட்டுப் பட்டை போடக்கூடாது, பட்டை போட்ட பிறகு மேலே போர்த்தலாம்.

எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்றும் கேட்பார்கள். கைக்குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரிது, கழுத்தெலும்பு இன்னும் முற்றவில்லை. முன்னோக்கி உட்கார்ந்தால் மோதும்போது தலை முழுக்க முன்னால் பாயும், பின்னோக்கி உட்கார்ந்தால் சீட்டின் ஓடு தலையையும் முதுகையும் சேர்த்துத் தாங்கும். குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கியே என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2018-ல் வயதுக் கணக்கையே எடுத்துவிட்டு, அந்த சீட் தாங்கும் எடையும் உயரமும் வரை பின்னோக்கியே போகட்டும் என்றார்கள். “கால் மடங்குதே” என்று தாத்தா பாட்டி சொல்வார்கள். குழந்தைக்குக் கால் மடங்குவதில் சிரமம் எதுவும் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

“சீட்ல வச்சா அழுவான்” என்பதும் வரும். முதல் நாளிலிருந்தே உட்காரவைத்தால் பழகிவிடும். விலையைப் பற்றிப் பேசினால், உங்கள் ஆக்சசரீஸ் பட்டியலில் இருக்கும் நல்ல சீட் கவர் செட்டின் விலைக்குப் பக்கத்திலேயே ஆரம்ப விலை சீட்டுகள் கிடைக்கின்றன என்று காட்டுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எதைச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆயுத பூஜை நெருங்கினால் ஒரே நாளில் வரிசையாக டெலிவரி கொடுப்பீர்கள், அப்போது யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் அதற்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள். இப்போது ஸ்டாக்கில் இருக்கும் பின் சீட் கவர்களை எடுத்து, உங்கள் டெமோ காரில் போட்டு, ஐசோஃபிக்ஸ் கம்பிக்குக் கை போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் கவரைத் திருப்பி அனுப்பி, திறப்பு வைத்துத் தைத்து வாங்குங்கள். டெலிவரிப் படிவத்தில் ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட் என்று டிக் அடிக்கிற வரிசையில், “குழந்தை சீட் பொருத்தும் இடம் காட்டப்பட்டது” என்று இன்னும் ஒரு வரி சேர்த்து, அதற்கும் கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பில் கார் சீட் மாட்டித் தரும் ஒரு வாடிக்கையாளர்