டிரெய்லருக்குப் பெயிண்டு அடிக்கும் முன்

தாயி,

ஆடி போய் ஆவணியும் பாதி ஆகிவிட்டது. உனக்கு வேலை இருக்கும், அதைக் கேட்க எழுதவில்லை. உன் கல்யாணச் சீரோடு நான் அனுப்பிய ஆட்டு டிரெய்லருக்கு மாப்பிள்ளை பெயிண்டு அடிக்கப் போகிறார் என்று உன் சித்தி சொன்னாள். ஐப்பசி மழை பிடித்தால் தை வரைக்கும் இரும்பைத் தொட முடியாது, அதனால்தான் இந்த அவசரம்.

முதலில் மாப்பிள்ளையிடம் சொல், கிரைண்டரை எடுக்க வேண்டாம். பின்கதவு ஓரத்தில் பச்சைப் பெயிண்டைப் பிளேடால் சுரண்டிப் பார். அடியில் ஆரஞ்சு நிறம் தெரியும். அதை ரெட் ஆக்சைடு என்று நினைத்துவிடாதே. ரெட் ஆக்சைடு செங்கல் நிறம், இரும்பு ஆக்சைடு, அதனால் பயமில்லை. இது ரெட் லெட், ஈயச் செந்தூரம். காய்ந்தபடி தேய்த்தால் தூளாகப் பறந்து வாசல் மண்ணில் படியும். சின்னவன் அந்த மண்ணில்தான் உட்கார்ந்திருப்பான். தீ வைத்து உரிப்பதும் கூடாது, அந்தப் புகையும் ஈயம்தான்.

தொழுவத்துச் சாமான் என்று விட்டுவிடாதே. ஆடு, கன்று எல்லாம் பெயிண்டை நக்கும், உரிந்த பொருக்கைத் தின்னும். ஈயம் ஏறிய கன்றுக்குக் கண் தெரியாமல் போகும், பல்லை நறநறவென்று கடிக்கும், வலிப்பு வந்து விழும்.

சாணத்தையும் மூத்திர உப்பையும் சலவை சோடா போட்டுக் கழுவுங்கள். அடியில் சேனல் மூலைகளில் கட்டியாக இருப்பதைக் குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும், பாதித் துரு அங்கிருந்துதான் கிளம்புகிறது. தொண்டியில் உப்புக்காற்று வேறு, கடைசியில் நல்ல தண்ணீரால் இன்னொரு தரம் அலசிவிட வேண்டும். பிறகு கீழே தார்ப்பாய் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து, 80 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்க்கட்டும். முகத்தில் துண்டு கட்டினால் போதாது, வடிகட்டி மாட்டிய ரப்பர் முகமூடி வேண்டும். தார்ப்பாயில் சேரும் சேற்றை வாய்க்காலில் ஊற்றாமல் மூடி போட்ட டின்னில் அடையுங்கள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவை.

இறுக்கமாக ஒட்டியிருக்கும் இடத்தில் மினுமினுப்பு போகிற அளவு தேய்த்தால் போதும், புதுப் பூச்சு அதை மூடிவிடும். ஆட்டுக்கு வாய் எட்டுகிற மேல்கம்பி, கதவு விளிம்பு இரண்டிலும் மட்டும் இரும்பு தெரியும் வரை எடுக்க வேண்டும்.

அப்புறம் சுத்தியல். எட்டு வயதிலேயே தகட்டைத் தட்டிப் பார்த்து, "இது செத்த தகடுப்பா" என்று சொன்னவள் நீ. பட்டறையில் இருந்த ஒரு பையனுக்கும் அந்தக் காது இல்லை. தரையும் குறுக்குச் சட்டமும் சேரும் இடங்களை நீயே தட்டிப் பார். சத்தம் மங்கினால் ஸ்குரூடிரைவரால் குத்து. உள்ளே போனால் வெட்டி எடுத்து 3 மில்லிமீட்டர் செக்கர் தகடு வைக்க வேண்டும். வெல்டு வைக்கும் முன் இரண்டு பக்கமும் நான்கு அங்குலம் பெயிண்டை ஈரத்தில் தேய்த்தே எடுத்துவிடுங்கள். தரையில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லையென்றால் மூலைக்கொன்று 12 மில்லிமீட்டரில் போடச் சொல்.

பெட்டி 10 அடிக்கு 6, பலகை உயரம் 4. உள்ளும் வெளியும், தரைக்கு மேலும் கீழும் 376 சதுர அடி. சேஸிஸ், கம்பி சேர்த்து 450 என்று வைத்துக்கொள். லிட்டருக்கு 90 சதுர அடி ஓடும், ஒரு கோட்டுக்கு 5 லிட்டர். அடிப்பூச்சான ப்ரைமர் இரண்டு கோட், மேலே எனாமல் இரண்டு கோட், ஒவ்வொன்றும் 10 லிட்டர். கடையில் ஜிங்க் குரோமேட் ப்ரைமரை எடுத்துக் கொடுப்பார்கள், அதுவும் விஷம். ஜிங்க் பாஸ்பேட் கேட்டு வாங்கு. 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் இரும்புக்கு அடிக்கிற தொழிற்சாலைப் பெயிண்டு அதில் வராது. டப்பாவில் ஈயம் இல்லை என்று எழுதியிருக்கிறதா பார். பழைய எனாமல் மேல் எபாக்சி வேண்டாம். அதன் தின்னர் கீழே இருப்பதைச் சுருட்டி எழுப்பிவிடும்.

இரும்பு தெரிந்த இடத்தைத் தின்னர் துணியால் துடைத்து அன்றைக்கே ப்ரைமர் ஏற வேண்டும், ஓர் இரவு விட்டால் பனியில் துரு பூத்துவிடும். வெல்டு தையல், விளிம்பு, போல்ட் தலை எல்லாவற்றிலும் முதலில் பிரஷால் ஒரு கோடு இழுத்துவிட்டு அப்புறம் முழுக்க அடியுங்கள். விளிம்பில் பெயிண்டு நிற்காது, அங்கேதான் முதலில் உரியும். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, நிழலில். உச்சி வெயிலில் சுட்ட தகட்டில் அடித்தால் கொப்புளம் கட்டும். உள்ளே வெளிர் நிறம் அடியுங்கள், இருட்டான பெட்டிக்குள் ஆடு ஏறாது. சேஸிஸ் நம்பரும் கிரீஸ் நிப்பிளும் பெயிண்டில் மூழ்கிவிடக் கூடாது. முடிந்து ஏழு நாள் ஆடு ஏற்ற வேண்டாம்.

நான் அடித்து அனுப்பிய பச்சைப் பெயிண்டு உரிந்தபோது, மாப்பிள்ளை சாணத்தைக் கழுவாமல் போட்டதால்தான் என்று குன்றக்குடியில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அது பொய், தாயி. சீரோடு அனுப்ப வேண்டும் என்று கார்த்திகை ஈரத்தில், துரு மேலேயே, ப்ரைமர் இல்லாமல் ஒரே கோட் பச்சை அடித்தேன். அடியில் செந்தூரம் இருப்பதும் தெரியும். உங்கள் வாசலில் பளபளவென்று போய் நின்றால் போதும் என்று இருந்தேன். அதற்கு அப்புறம் அந்த வீட்டில் உன் காதில் என்ன விழுந்ததோ, நீ சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளையிடம் இதை வாசித்துக் காட்டு.

சின்னவனுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேள். தள்ளிப் போடாதே. கிரைண்டர் வேண்டாம், அதையும் மறக்காமல் சொல்.

ப்ரைமரையும் முகமூடி இரண்டையும் நானே காரைக்குடியில் வாங்கி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வரட்டுமா? வரச் சொன்னால், பின்கதவை மட்டும் கழற்றி வையுங்கள்.

அப்பா