தோலைக் கிழித்துக்கொண்டு வரும் பூ

ஃபீனிக்ஸ், அரிசோனா
ஏப்ரல் 6

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். ஆவணியில் கல்யாணத்துக்கு நான் அங்கே இருப்பேன். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான், அவன் பின்னால் ஓடுவதே எங்களுக்குப் பாதி நாள் வேலை.

சரி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே ஒரு கள்ளிக்காகத்தான். சவுத் மவுண்டன் மலைப்பாதையில் காலையில் நடக்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அங்கே பாறைகளுக்கிடையே முழங்கை உயரத்துத் தண்டுகள் பத்து, இருபது என்று கூட்டமாக நிற்கும். முள் மூடிய மூட்டைதான். இவர்கள் இதை ஹெட்ஜ்ஹாக் கள்ளி என்கிறார்கள். நம் முள்ளெலி! தேரிக்காட்டில் பிடித்து நீ துண்டில் சுருட்டிக்கொண்டு வந்தாயே, அதை நினைத்துக்கொண்டேன். தாவரவியல் பெயர் எக்கினோசீரியஸ் எங்கல்மன்னி. கிரேக்கத்தில் எக்கினோஸ் என்றால் முள்ளெலி. பேரினத்துக்கு 1848-இல் பெயர் வைத்தவர் ஜார்ஜ் எங்கல்மன், ஜெர்மனியில் பிறந்து செயின்ட் லூயிஸ் நகரில் வைத்தியம் பார்த்த டாக்டர். இந்தச் செடிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஐப்பசியில் நான் வந்தபோது தண்டுகள் வற்றிப்போய், விலாக்கள் எழும்பித் தெரிந்தன. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை தேறாத ஊர் இது. குளிர்கால மழை இரண்டு முறை பெய்ததும் விசிறி மடிப்பு விரிந்தாற்போல் உப்பிவிட்டன. தண்டின் பக்கவாட்டில் அங்கங்கே பழைய தழும்புகள் இருந்தன. எலி கறித்ததோ, வெயிலில் வெடித்ததோ என்று நினைத்திருந்தேன்.

மாசியில்தான் விஷயம் புரிந்தது. முட்கள் கொத்தாகக் கிளம்பும் பஞ்சுப் புள்ளிக்குச் சற்று மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் தோல் புடைத்தது. நாலைந்து நாள் அதையே போய்ப் பார்த்தேன். அப்புறம் ஒரு காலையில் தோல் கிழிந்து, மொட்டு தலை நீட்டியிருந்தது! மற்றக் கள்ளிகள் பலவற்றில் முட்புள்ளியிலேயே மொட்டு வரும். இந்தப் பேரினத்தில் பெரும்பாலும் சதைக்குள்ளே உருவாகி, தோலை உடைத்துக்கொண்டு வருகிறது. நான் பார்த்த தழும்புகள் எல்லாம் போன வருஷங்களில் பூத்த இடங்கள், செல்வம்.

இப்போது மலை முழுக்கப் பூத்திருக்கிறது. உள்ளங்கை அகலத்தில், அடர்ந்த ரோஸ் நிறம். நடுவே மஞ்சள் மகரந்தத்தாள்கள் நெருக்கியடித்து நிற்க, அவற்றுக்கு மேலே சூலகமுடி மட்டும் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. அந்தப் பச்சையை உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தளிர் வெற்றிலையை வெயிலில் பிடித்துப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள். தேனீக்கள் மகரந்தத்துக்குள் விழுந்து புரளுகின்றன. இரவில் பூ கூம்பும், காலையில் மறுபடி விரியும், இப்படிச் சில நாள்.

பூவின் அடிக்குழலைப் பார்த்தால் அதன் மேலும் முட்கள். பூவில் ஏது முள் என்று முதலில் திகைத்தேன். சூலகமே தண்டுத் திசுவுக்குள் புதைந்திருக்கிறது, அதனால் தண்டின் முட்புள்ளிகள் பூவின் மேலும் ஏறிவிடுகின்றன. பூ என்பது உருமாறிய கிளை என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தோமே, அது இங்கே கண்ணெதிரே நிற்கிறது. காய் பழுத்துச் சிவந்ததும் முட்கள் தாமாகவே கழன்றுவிடுமாம். பழம் ஸ்ட்ராபெரி ருசி என்கிறார்கள். பறவைகளும் எலிகளும் மிச்சம் வைத்தால்தான் நமக்குத் தெரியும்.

நம்மூர்த் திருகுகள்ளி இதற்கு உறவே இல்லை என்பது உனக்குச் சொல்லத் தேவையில்லை. அது ஆமணக்குக் குடும்பம், கிள்ளினால் பால் வடியும். அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த சப்பாத்திக்கள்ளிதான் இதற்குப் பங்காளி. ஆனால் ரணகள்ளி இலையைக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பிள்ளைகளுக்கு மெல்லக் கொடுப்பாயே, காலையில் புளிக்கும் என்று, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. இரவில் இலைத்துளை மாதிரியான தண்டுத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. பகலில் துளைகளை இறுக மூடிக்கொண்டு, அதைச் செலவழித்துச் சர்க்கரை செய்கிறது.

உனக்கு ஒரு பூவாவது கொண்டுவர ஆசை. ஆனால் இங்கே எதையும் கிள்ளக் கூடாது, கிள்ளவும் மனம் வராது. அதனால் பாறையில் உட்கார்ந்து பென்சிலில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். குழலின் முட்களையும், கிழிந்த தோலின் விளிம்பையும் தனியாகப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறேன். பாகங்களுக்குப் பெயர் எழுதவில்லை. அதை நீ எழுதி, ரெக்கார்டு நோட்டில் ஒட்டிவை. ஆவணியில் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்