அழகர் எந்த மண்டகப்படியில் நிற்கிறார்?

மதுரை,
கார்த்திகை 3

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஐப்பசி முழுக்க மழையும் முகூர்த்தமுமாகப் போட்டு அடித்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தில் அது ஒன்றுதான் நல்ல செய்தி. மிச்சத்தைப் படித்ததும் வயிறு எரிந்தது.

அச்சகத்து சர்வர் காலையில் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒற்றை வரி நின்றது. வந்து பார்த்தவர் "டிஸ்க் போச்சு சார்" என்று சொல்லி, புது டிஸ்க் வாங்கிப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதத்துக் காலண்டர் டிசைன் போனது போனதுதான் என்கிறாய். சரி. ஆனால் அதே கடிதத்தில் நாலு பத்தி தள்ளி, முந்தின நாள் சாயங்காலம், டிஸ்க்கைப் பிரித்த பகுதிகளில் சும்மா கிடந்த ஒன்றை, அதாவது ஒரு பார்ட்டிஷனை, அழித்து இடம் எடுத்தார்கள் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். மாப்ள, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயா?

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. போன மாதம் நானும் இதே போலத்தான் முழித்தேன்.

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு கமிஷன் மண்டிக்கு நான் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது உனக்குத் தெரியும். சர்வர் என்றதும் ஏசி அறையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதாக நினைத்துவிடாதே. மேஜைக்கு அடியில், பூ மூட்டைக்கு எட்டடி தள்ளி ஒரு பெட்டி. எந்த விவசாயி எத்தனை கிலோ கொண்டுவந்தார், என்ன விலைக்குப் போனது, முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறார் எல்லாம் அதற்குள்தான். ஐப்பசியில் ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள், விடியக்காலை மூன்று மணிக்கு முதலாளியிடமிருந்து போன். "தம்பி, கரண்டு போயிட்டு வந்துச்சு. அதுலயிருந்து பொட்டி ஏறவே மாட்டேங்குது."

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. அது தனிக் கதை. கரண்ட் கட்டானதில் சர்வர் அணைந்து, திரும்ப வந்ததும் தானே கிளம்ப முயன்றிருக்கிறது. முகூர்த்த நாள் மல்லிகைக்கு விலை எப்படி ஏறும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பத்துப் பதினைந்து பேர் மூட்டையோடு நிற்கிறார்கள். நானோ கரண்ட் கட்டையே பிடித்துக்கொண்டேன். கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையைத் தொட்டுப் பார்த்தேன், டிஸ்க் அடிவாங்கியிருக்குமோ என்று காதை வைத்துக் கேட்டேன். அரைமணி நேரம் இப்படியே போயிற்று. கரண்ட் போனது, பெட்டி எழும்பவில்லை, ஆகவே கரண்ட்தான் காரணம் என்று மனசு தானே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

பொத்தானை அழுத்தினால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மீதிக் கதை விளங்கும்.

சித்திரையில் அழகர் மலையிலிருந்து கிளம்புவதை நினைத்துக்கொள். பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெற்று, வழியெல்லாம் மண்டகப்படி (சாமி நின்று மரியாதை ஏற்கும் பந்தல்) கண்டு, மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் ஆண்டாள் மாலை, அப்புறம்தான் வைகை. ஆற்றுக்கு வர நேரமானால் நாம் என்ன கேட்போம்? "அழகர் இப்ப எங்க வந்திருக்கார்?" புதூர் தாண்டிவிட்டார் என்று தெரிந்தால் யாரும் பின்னால் மலைப் பக்கத்து அப்பன்திருப்பதிக்குப் போய்த் தேடமாட்டார்கள். சர்வர் எழும்பவில்லை என்றாலும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

முதல் மண்டகப்படி மதர்போர்டு. அதிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ், இப்போதைய பெட்டிகளில் யூஇஎஃப்ஐ, மெமரி இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும். சர்வரில் மெமரி அதிகம் இருந்தால் இதற்கே சில நிமிஷம் ஆகும். பொறுமையில்லாமல் நடுவில் அணைத்துவிட்டு 'தொங்கிவிட்டது' என்பவர்கள் நிறையப் பேர். விசிறியே சுற்றவில்லை என்றால் மின்சாரத்தைப் பார்க்கவேண்டும். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, 'பீப்' மட்டும் வருகிறது என்றால் முதல் சந்தேகம் மெமரி. கழற்றித் துடைத்துத் திரும்ப அழுத்தி மாட்டினாலே பல சமயம் சரியாகும். தேதி பின்னால் போய், எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்பவேண்டும் என்பதே மறந்து நின்றால் மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் வட்ட பேட்டரியைப் பார். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கொடுப்பார்கள்.

அடுத்தது பூட்லோடர், டிஸ்க்கிலிருந்து லினக்ஸைக் கிளப்பிவிடும் நிரல். பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைத்தான் பயாஸ் படிக்கும். அதில் பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64, முத்திரைக்கு 2 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446. யூனிகோட் தமிழில் எழுதினால் ஒரு நேரிசை வெண்பா அடங்கும், இரண்டு அடங்காது. அத்தனூண்டு இடத்தில் உட்கார்ந்திருப்பவரால் என்ன செய்ய முடியும்? பக்கத்தில் இருக்கும் தன் பெரிய பாகத்தை எழுப்புவதோடு சரி. அந்தப் பெரிய பாகம் இன்னொரு இடத்திலிருந்து தன் மிச்சப் பாகங்களை எடுத்துக்கொண்டு மெனுவைக் காட்டும். இதுதான் கிரப். உன் சர்வர் நின்ற இடமும் இதுதான், திரும்ப வருகிறேன்.

கிரப், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மெமரியில் ஏற்றும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. டிஸ்க்கைத் திறக்க டிரைவர், அதாவது அதை இயக்கத் தெரிந்த நிரல், வேண்டும். டிரைவரோ டிஸ்க்குக்குள் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை. அதற்காகத்தான் கெர்னலோடு இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு சின்ன மூட்டையும் ஏறுகிறது. மெமரியிலேயே போடும் தற்காலிகப் பந்தல் மாதிரி; வேண்டிய டிரைவர்களை அதில் கட்டிக்கொடுத்திருப்பார்கள். உண்மையான டிஸ்க் திறந்ததும் பந்தலைப் பிரித்துவிடலாம். இந்த மூட்டை அரைகுறையாக இருந்தால்தான் 'கெர்னல் பேனிக்', ரூட்டை (லினக்ஸ் குடியிருக்கும் முக்கியப் பார்ட்டிஷனை) திறக்க முடியவில்லை என்ற அலறல் வரும். பூட் பார்ட்டிஷனில் பழைய கெர்னல்கள் குவிந்து இடம் தீர்ந்துபோன நிலையில் அப்டேட் ஓடினால் அப்படி ஆகும். அப்போது மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எழும்பிவிடும். அதற்காகத்தான் பழையதில் ஒன்றையாவது அழிக்காமல் வைத்திருப்பது.

இதெல்லாம் முடிந்து ரூட் திறந்தபின் முதலாவதாகக் கிளம்புவது, இப்போது பெரும்பாலான லினக்ஸில், சிஸ்டம்டி. அதற்கு எண் 1. மற்ற டிஸ்க்குகளை மாட்டுவது, நெட்வொர்க்கை எழுப்புவது, டேட்டாபேஸைக் கிளப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. எதை எங்கே மாட்டவேண்டும் என்பது எஃப்எஸ்டேப் என்ற சின்ன ஃபைலில் வரிவரியாக இருக்கும்.

மண்டிக்கு வருகிறேன். அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. தேடுவதை நிறுத்திவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்தி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, திரையை மட்டும் பார்த்தேன். விசிறி ஊளையிட்டு அடங்கியது. மெமரி எண்ணிக்கை சரி. கிரப் மெனு வந்தது, போனது. கெர்னல் வரிகள் ஓடின. ஆக, நான் அத்தனை நேரம் சந்தேகப்பட்ட பவர், டிஸ்க், மெமரி எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அழகர் புதூர் தாண்டி வந்துவிட்டார். அங்கே ஒரு வரி நின்றது. இடது ஓரத்தில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இப்படியும் அப்படியும் நடைபோட, ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிஷம். பிறகு 'எமர்ஜென்சி மோட்', ரூட் பாஸ்வேர்டை (இங்கே ரூட் என்றால் நிர்வாகி) கொடு என்றது. முதல் தடவையும் இதையேதான் காட்டியிருக்கும். நான்தான் கேபிளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

பாஸ்வேர்டைப் போட்டு, சர்வர் தன் நடப்பைக் குறித்துவைக்கும் ஜர்னலைத் திறந்தால், காத்திருந்த டிஸ்க்கின் யூயூஐடி, அதாவது அதை அடையாளம் காட்டும் நீளமான எண், சிவப்பில் இருக்கிறது. எஃப்எஸ்டேப்பில் அதே எண், கடைசி வரியில். அந்த வரியை எழுதியது நானேதான்!

சித்திரையில் பேக்கப்புக்கு என்று ஒரு பழைய டிஸ்க்கை மாட்டி அந்த வரியைச் சேர்த்தேன். ஆடியில் அந்த டிஸ்க் முனக ஆரம்பித்ததும் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். வரியை எடுக்க மறந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் தேடிப் போகவில்லை. ஆடியிலிருந்து ஐப்பசி வரை ஒருநாள்கூட அதை அணைக்காததால் தப்பு வெளியே தெரியவேயில்லை. கரண்ட் கட் செய்ததெல்லாம், என் மறதியை மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டு நிறுத்தியது மட்டும்தான். "இத்தனை மாசமா ஒரு தடவைகூட ஆஃப் ஆகல சார்" என்று பெருமை பேசுவோமே, அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? அது திரும்ப எழும்புமா என்று இத்தனை மாதமாக யாருக்கும் தெரியாது.

அந்த வரி செல்லாதபடி அதற்கு முன்னால் # குறி ஒன்றைப் போட்டு, சேமித்து, ரீபூட் செய்தேன். இரண்டு நிமிஷத்தில் பில் வர ஆரம்பித்தது. முதலாளி கையில் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி கோளாறு?" என்றார். "ஒரு வரி கூடுதலா இருந்துச்சுண்ணே" என்றேன். யார் எழுதிய வரி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. (அந்த வரியிலேயே 'நோஃபெயில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும்பியிருக்கும். பேக்கப் டிஸ்க்குக்கு அதைப் போடாதது என் இரண்டாவது தப்பு.)

இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிறு, சந்தை ஓய்ந்த மத்தியானத்தில், நானே போய் ரீபூட் செய்துவிட்டு வருகிறேன். ஓடுகிற பெட்டியை ஏன் நிறுத்துகிறாய் என்று முதலாளி முணுமுணுக்கிறார். எழும்பாமல் போவதாக இருந்தால் மூட்டை இல்லாத நேரத்தில் போகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி உன் கதை. ஒரே வரிசையில் வீடுகள், கதவில் எண். ஐந்தாம் வீட்டை இடித்துவிட்டு எண்ணைத் திரும்பப் போட்டால் ஆறாம் வீடு ஐந்தாகிவிடும். தபால்காரர் கையிலோ 'ஆறு' என்று எழுதிய உறை. உன் பெட்டி பழைய காலத்தது, பார்ட்டிஷன்களும் லாஜிக்கல் வகை என்று உன் மூன்றாவது பக்கத்திலிருந்து தெரிகிறது. அந்த வகையில் நடுவில் ஒன்றை அழித்தால் பின்னால் இருப்பவற்றின் எண் ஒவ்வொன்றாக இறங்கும். கிரப்பின் முதல் பாகம் தன் மிச்சப் பாகங்களைப் பழைய எண்ணில் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, 'ரெஸ்க்யூ' என்று நின்றுவிட்டது. இது என் ஊகம்தான், ஆனால் அழித்த மறுநாள் காலையே அந்த வரி வந்திருக்கிறதே! டிஸ்க் அடியோடு செத்திருந்தால் அந்த வரியைக் காட்டவே அதனால் முடிந்திருக்காது. ரெஸ்க்யூ வரியில் எல்எஸ் என்று இரண்டெழுத்து அடித்திருந்தால் இருக்கிற பார்ட்டிஷன்களைக் காட்டியிருக்கும். பூட் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்து அந்த எண்ணைச் சொல்லிக் கொடுத்தால் மெனு வந்துவிடும். உள்ளே போனதும் கிரப்பை ஒருமுறை திரும்ப நிறுவவேண்டும். நிதானமாகச் செய்தால் கால் மணி நேர வேலை.

அதனால் கேட்கிறேன்: அந்தப் பழைய டிஸ்க் இன்னும் உன்னிடம் இருக்கிறதா? 'போச்சு' என்று சொன்னவர் அதை என்ன செய்தார்? கோணிப்பையில் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். அப்படியானால் அதன்மேல் யாரும் எதையும் எழுதவில்லை. காலண்டர் டிசைன் அப்படியே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதை எந்தப் பெட்டியிலும் மாட்டாதே, 'சும்மா பார்க்கிறேன்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதே. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இந்த ஞாயிறு சிவகாசியில் பஸ் ஏறு. மாட்டுத்தாவணியில் இறங்கினதும் போன் போடு, மண்டியில்தான் இருப்பேன். அம்மாவுக்கு அரைக்கிலோ மல்லி எடுத்துவைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பாண்டி